சித்திரை வெயிலில் ஹீட்டர் கேட்டவள்

அன்பு மகனுக்கு,

சிவகாசியில் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பதை முதலில் திருத்திவிடுகிறேன். சித்திரை வெயிலில் காருக்கு ஹீட்டர் சரிசெய்து கொடுக்கச் சொல்லி நான் மெக்கானிக்கிடம் சண்டை போடவில்லை. காருக்குள் உன் அப்பாவின் வாசம் வருகிறது என்று யாரிடமும் சொல்லவில்லை. பூட்டிய காருக்குள் உட்கார்ந்து அழுதேன் என்பதும் பொய். உட்கார்ந்திருந்தது உண்மை. ஆனால் குனிந்து, இடப்பக்கக் கால்மிதி மேட்டைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபத்து நான்கு வயதில் அப்படிக் குனிந்தால் மூக்கும் கண்ணும் கொஞ்சம் நீர் விடும். அதை அழுகை என்று எடுத்துக்கொண்டவன் உன் பெரியப்பா மகன் ராஜேந்திரன். அவன் மேல் எனக்கு அதிகக் கோபம் இல்லை. அவன் கண்ணில் பட்டதை அவனுக்குத் தெரிந்த வகையில் சொன்னான். நீ அதைக் கேட்டுவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இந்தக் கடிதம் எழுத வைத்தது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பங்குனி மாதம் ஒரு நாள், சண்முகத்தாயை நாரணாபுரத்தில் இறக்கிவிடப் போனேன். சண்முகத்தாயை உனக்குத் தெரியும். நம் பிரஸ்ஸில் பட்டாசு லேபிள் மடிக்கும் மேசையில் இருந்தவள். பிரஸ்ஸை மூடிய பிறகு பட்டாசு கம்பெனிக்குப் போகிறாள். வேலை முடிந்து சில நாள் என்னிடம் வந்து உட்கார்ந்திருப்பாள். இருவரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் வீட்டில் இன்னொருவர் இருப்பது நன்றாக இருக்கும். அன்று அவள் காரை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “என்னம்மா, காலு பிசுபிசுங்குது. பாகுச் சட்டிக்குள்ள மிதிச்ச கணக்கா இருக்கு” என்றாள். அவள் சொன்ன பிறகுதான் அந்த வாசம் எனக்கும் உறைத்தது. இனிப்பான வாசம். சாத்தூரில் கருப்பட்டி மிட்டாய் போடும் கடை வாசலில் நின்றால் வருமே, அதைப் போல. கொஞ்ச நாளாகவே முன் கண்ணாடியின் உள்பக்கம் ஒரு பனி படிந்துகொண்டிருந்தது. துணியால் துடைத்தால் போகாமல் எண்ணெய் தடவியது போல் இழுத்துக்கொண்டு நின்றது. என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் பாட்டிலில் அளவும் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் காரை நிறுத்தும் இடத்தில் தரை காய்ந்துதான் கிடந்தது.

இந்த வாசத்தை நான் ராஜேந்திரன் மனைவியிடம் சொன்னேன். சும்மா பேச்சுவாக்கில் சொன்னது. “காருக்குள் மிட்டாய்ப் பாகு வாசம் வருகிறது, என்னவென்று பார்க்க வேண்டும்” என்றேன். அவள் உடனே என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கிவிட்டாள். உன் அப்பா சனிக்கிழமைகளில் சாத்தூர்ப் பக்கம் போய்த் திரும்பும்போதெல்லாம் கருப்பட்டி மிட்டாய் வாங்கி வந்து, தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுப்பார் அல்லவா? அவள் அதை நினைத்துக்கொண்டாள். நான் கூலன்ட் பாட்டிலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவள் “எல்லாம் சரியாப் போயிரும் அத்தை” என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். அன்று சாயங்காலத்துக்குள் அது ‘சித்தப்பா வாசம் வருதாம்’ என்று மாறி, நாலு வீடு போய், கடல் தாண்டி உன்னிடமும் வந்துவிட்டது. அழகான கதைதான். வேறு எவளைப் பற்றியாவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருப்பேன்.

அது என்ன வாசம் என்று எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? நீ சொல்லித்தான். படிக்கப் போன முதல் குளிர்காலத்தில், நீயும் இன்னும் இரண்டு பையன்களும் சேர்ந்து ஒரு பழைய கார் வாங்கினீர்கள். ஒரு நாள் போனில், “அம்மா, காருக்குள்ள யாரோ ஜிலேபி சுட்ட மாதிரி இருக்கு” என்று சிரித்தாய். ஜிலேபிக்கும் காருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். நீ பொறுமையாகச் சொன்னாய். என்ஜினில் சூடாகும் தண்ணீர் இரண்டு ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டருக்கு வந்து போகும், அதன் மேல் காற்று அடித்தால் காருக்குள் வெதுவெதுப்பு வரும், அதற்குப் பெயர் ஹீட்டர் கோர், அதில் ஓட்டை விழுந்தால் கூலன்ட் உள்ளே ஒழுகும், வாசம் வரும், கண்ணாடி மங்கும். மாற்ற உங்களிடம் பணம் இல்லை. அதனால் இரண்டு ஹோஸையும் என்ஜின் பக்கமே ஒன்றோடொன்று சேர்த்துவிட்டு, அந்தக் குளிர்காலம் முழுக்க ஹீட்டர் இல்லாமல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓட்டினீர்கள். அதை நீ வேடிக்கையாகச் சொன்னாய். நான் போனை வைத்துவிட்டு வந்து உன் அப்பாவிடம் ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கினேன். பிறகு இருவரும் அந்தக் கம்பளியையே நினைத்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தோம். நீ அன்று சொன்னதில் ஒரு சொல் கூட எனக்கு மறக்கவில்லை. நீ மறந்திருக்கலாம், குற்றமில்லை. எத்தனையோ வேலை உனக்கு.

காரணத்தை ஊகித்ததோடு நான் நிற்கவில்லை. கான்வென்ட்டில் அறிவியல் சொல்லிக்கொடுத்த சிஸ்டர், பார்த்ததையும் நினைத்ததையும் ஒரே வாக்கியத்தில் எழுதினால் நோட்டைத் திருப்பி எறிந்துவிடுவார். ஏசி தண்ணீராகவும் இருக்கலாமே என்று முதலில் ஏசியைப் போடாமல் ஓட்டினேன். அப்போதும் மேட் நனைந்தது. மேட்டுக்கு அடியில் வெள்ளைத் துண்டை விரித்தேன். பச்சையாகக் கறை பிடித்தது. வெறும் தண்ணீர் பச்சையாகாது. ராஜேந்திரன் என்னைக் கண்டதும், அழுததாகச் சொன்னதும் அந்தத் துண்டை எடுத்துப் பார்த்த அன்றுதான்.

மெக்கானிக் பார்த்துவிட்டு நான் நினைத்தது சரி என்றார். முறையாகச் செய்வதென்றால் டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும், புதுக் கோர் மதுரையிலிருந்து வரவழைக்க வேண்டும். அவர் சொன்ன தொகைக்கு, பிரஸ் கட்டிடத்திலிருந்து வரும் வாடகை இரண்டு மாதத்துக்கு அப்படியே போய்விடும். என் சாப்பாடு, கண் மருந்து, வீட்டு வரி எல்லாம் அந்த வாடகைக்குள்தான் நடக்கிறது. உன்னிடம் கேட்டிருக்கலாம் என்பாய். நீ வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். அதோடு, கேட்காமல் வாழ முடிகிறவரை கேட்கக் கூடாது என்பது என் வழக்கம். பழைய காரிலிருந்து கழற்றிய கோர் ஒன்று கிடைக்கும் என்றார். கூலி அதே கூலிதான். இன்னொருவருடைய காரில் எவ்வளவு உழைத்த பொருள் என்பதும் தெரியாது. ஒழுக்கை அடைக்கும் மருந்து ஒன்று பாட்டிலில் வருகிறது, அதை ஊற்றிப் பார்க்கலாம் என்றார். வீட்டுக்கு வந்த ராஜேந்திரன், ரேடியேட்டர்தான் ஒழுகுகிறது என்று நினைத்து, அந்த மருந்துகூட வேண்டாம், ரேடியேட்டரில் ஒரு பிடி மஞ்சள் தூளைப் போட்டால் நின்றுவிடும், அவன் லோடு வண்டிக்கு அப்படித்தான் செய்தான் என்றான். இரண்டையும் மறுத்துவிட்டேன். ஓட்டையை அடைக்கிற தூள், ஓட்டை இல்லாத மெல்லிய குழாய்களை மட்டும் விட்டுவைக்குமா? கோருக்குச் செலவழிக்க யோசித்துவிட்டுப் பிறகு ரேடியேட்டருக்கும் சேர்த்து அழ வேண்டும். நீ எப்போதாவது கையைச் சுருக்க நேர்ந்தால் இதை நினைத்துக்கொள். கழற்றிவிடக் கூடியதைக் கழற்றிவிடு. எதையாவது ஊற்றி மூடாதே.

ஆகவே இரண்டு ஹோஸையும் இணைத்துவிடச் சொன்னேன். மெக்கானிக் தயங்கினார். “பெரியம்மா, அப்புறம் ஹீட்டர் வராது பாத்துக்கங்க” என்றார். இந்த ஊரில் யார் ஹீட்டர் போட்டுக்கொண்டு போகிறார்கள் என்று கேட்டேன். மழையில் கண்ணாடி மங்கினால் ஏசி போதும். அந்த நேரம் பார்த்து ராஜேந்திரன் பைக்கில் வந்து நின்றான். ஹீட்டர் என்ற சொல் மட்டும்தான் அவன் காதில் விழுந்தது. “சித்தி, நம்ம ஊரு வெயிலுக்கு ஹீட்டரா? வண்டிய வாசல்ல நிப்பாட்டுனாலே உள்ள இட்லி அவிக்கலாம்” என்றான். பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், ஏனென்றால் அது நல்ல நகைச்சுவை. விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். நடுத்தெருவில் நின்று விளக்கம் கொடுக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

ஹோஸைக் கழற்றியபோது ஒன்று தெரிந்தது. உனக்குச் சொல்லாமலே விட்டுவிடலாம் என்று இருந்தேன். இப்போது சொல்லியாக வேண்டும். உள்ளிருந்து வந்த தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது, கூடவே வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு. யாரோ போர்வெல் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள் என்றார் மெக்கானிக். நம் கொல்லைப் போர் தண்ணீரின் உப்பு உனக்குத் தெரியும், வாளியே பூத்துப்போகும். ஊற்றியவர் உன் அப்பா. கூலன்ட்டைத் தவிர வேறு ஒரு சொட்டு உள்ளே போகவிடாதவர், கடைசி வருடத்தில் குழாயடியில் மக்கில் பிடித்துக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, செடிக்குத் தண்ணீர் விட்டதாக என்னிடம் சொன்னார். அவருக்கு மறதி வந்திருந்தது. சாதாரண மறதி அல்ல. திருத்தங்கலிலிருந்து வீட்டுக்கு வரும் வழி மறந்தது. நம் பிரஸ்ஸை மூடியதே மறந்து, காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். “பையன்ட்ட சொல்லிறாத. லீவைப் போட்டுட்டு ஓடியாருவான்” என்று ஒரு நாள் தெளிந்த நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். நான் சொல்லவில்லை. அவர் காரை ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, இடது, வலது, நிறுத்துங்கள், கிளம்புங்கள் என்று சொல்லிக்கொண்டே போவேன். ஊரில் அப்போது சொன்னார்கள், படித்த திமிர், புருஷனை நிம்மதியாக ஓட்டக்கூட விடாமல் தொணதொணக்கிறாள் என்று. கொஞ்ச நாளில் ஏதோ காரணம் சொல்லி ஓட்டுகிற இடத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன். அவர் மெலிந்ததையும் இருமியதையும் எல்லாரும் பார்த்தார்கள், மறந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. சாவு வீட்டில் உன் பெரியப்பா, தம்பி கடைசிவரை தெளிவாக இருந்தான் என்று எல்லாரிடமும் சொன்னார். நீயும் தலையாட்டினாய். எனக்கு அன்று பெருமையாகத்தான் இருந்தது. இன்று அதே வீட்டார் என் புத்தி தடுமாறுகிறது என்கிறார்கள். புத்தி தடுமாறுவது எப்படி இருக்கும் என்று இந்தக் குடும்பத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஒரு துண்டு ஹோஸ், இரண்டு கிளாம்ப், புதுக் கூலன்ட், மெக்கானிக்கின் கூலி. அவ்வளவுதான் செலவு. காற்று அடைபடாமல் இருக்க என்ஜினை ஓடவிட்டு, மூடியைத் திறந்துவைத்து நிரப்பினார். நான் குடை பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சண்முகத்தாயை ஏற்றிக்கொண்டு வெம்பக்கோட்டை அணை வரை போனேன். மேட்டுக்கு அடியில் புதுத் துண்டு விரித்திருந்தேன். அணையில் தண்ணீர் இல்லை, வெறும் சேறும் கொக்கும்தான். சண்முகத்தாய் துண்டை எடுத்து உதறி, முகத்திலேயே துடைத்துக் காட்டினாள். “காஞ்சு கெடக்கும்மா. இனி நீங்க மெட்ராசு வரைக்கும் போகலாம்” என்றாள். ஒரு மெக்கானிக் வேலையில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. அன்றே உனக்கு வீடியோவில் சொல்ல வந்தேன். நீ பிள்ளைகளை எங்கோ அழைத்துப் போய்க்கொண்டிருந்தாய். “காரில் அந்த ஹீட்டர் இருக்கிறதே” என்று ஆரம்பித்தேன். “அதெல்லாம் ராஜேந்திரண்ணன் பாத்துக்குவாங்கம்மா, நீ அலட்டிக்காத” என்றாய். நான் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

அந்த வாரமே ராஜேந்திரன் வந்தான். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, உட்காரச் சொன்னாலும் உட்காராமல் நின்றான். “தம்பி ஒன்னு அனுப்பியிருக்கான் சித்தி, நீங்களே கேட்டுருங்க. நான் சொன்னா தப்பா நெனப்பீக” என்று போனை மேசைமேல் வைத்தான். உன் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. “அம்மாட்ட சொன்னாப் புரியாதுண்ணே. சாவிய வாங்கிட்டு வித்து முடிச்சிருங்க. அவங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா நம்மதான் பதில் சொல்லணும்.” ராஜேந்திரன் தலையைக் குனிந்துகொண்டான். உன் குரல் எப்போதும்போல நன்றாகத்தான் இருந்தது, கொஞ்சம் களைத்த குரல். நீ என்னைத் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நான் அந்த அறையில் இல்லாதது போல நீ பேசினாய். கார் உன் பெயரில் இருக்கிறது. அப்பா போன பிறகு அப்படி மாற்றச் சொன்னதே நான்தான். போன தடவை வந்தபோது, எதற்கும் இருக்கட்டும் என்று நீ கையெழுத்திட்டுக் கொடுத்துப்போன தாள்கள் ராஜேந்திரனிடம் இருந்தன. எழுந்துபோய்ச் சாவியை எடுத்து வந்து கொடுத்தேன்.

வாங்க வந்தவர் அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன். நல்ல மனிதர். பானெட்டைத் திறந்ததும் இணைத்த ஹோஸைப் பார்த்துவிட்டு இது என்ன என்றார். ராஜேந்திரன் ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தான். வாங்குகிறவர் ஏமாறக் கூடாது என்று நானே விளக்கினேன். ஹீட்டர் வேலை செய்யாது, அதைத் துண்டித்துவிட்டிருக்கிறோம், வேண்டுமானால் பின்னாளில் புதுக் கோர் போட்டுக்கொள்ளலாம், போர் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள் என்றேன். ராஜேந்திரன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும், ஆனால் முன்பணம் கைமாறியிருந்தது. போர்மேன் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, “யாரும்மா ஓட்டுறது? கிளட்ச்சு புதுசு கணக்கா இருக்கு” என்றார். நான்தான் என்றேன். “ஓட்டுற வண்டியவா விக்கிறீக?” என்றார். பேப்பர் என் மகன் பெயரில் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

அன்று சாயங்காலம் சண்முகத்தாய் வந்து, காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். “சாவிய எதுக்கும்மா குடுத்தீக? ஒரு சத்தம் போட்டிருக்கலாம்ல?” என்றாள். சத்தம் போட்டிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள் என்றேன். அவள் உள்ளே வந்து, நான் எடுத்து வைக்காமல் விட்டிருந்த பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

ராஜேந்திரன் வீட்டில் இப்போது என்னை நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள். எங்கே போக வேண்டும் என்றாலும் சொல்லுங்கள் சித்தி, வண்டி அனுப்புகிறேன் என்கிறான். ஒரு தடவை பாங்குக்குப் போகச் சொல்லி அனுப்பினேன். சேலையை மாற்றிக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். லோடு ஏற்றுகிற அவசரத்தில் டிரைவர் வர மதியமாகிவிட்டது. அதற்குள் பாங்கில் கூட்டம் அதிகமாகிவிட்டது, நாளைக்குப் போகலாம் என்று அவரே முடிவு செய்தார். அவர் மேல் தவறில்லை, சீசன் நேரம். ஆனால் நாற்பது வயதில் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே இப்படி உட்கார்ந்திருக்கக் கூடாது என்றுதான். அந்தக் காரில் உன் அப்பாவின் நினைவு இருந்தது என்று நீ நினைத்திருப்பாய். அவர் நினைவுக்கு எனக்கு வண்டி வேண்டாம். கண் மருந்து தீர்ந்தால் நானே போய் வாங்கி வருவேன், அதற்குத்தான் அது இருந்தது.

நான் உன்னைக் கோழையாகவோ கல்நெஞ்சக்காரனாகவோ வளர்க்கவில்லை, நீ அப்படி ஆகவும் இல்லை. அங்கே நடுச்சாமத்தில் போன் அடித்தால் உன் நெஞ்சு எப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியும். தூரத்தில் இருப்பவனுக்குப் பயம்தான் முதலில் வரும். அந்தப் பயத்தை நீ என்னிடம் சொல்லியிருந்தால், எந்த டாக்டரிடம் காட்டச் சொன்னாலும் காட்டியிருப்பேன், கண்ணைக் காட்டி, ஞாபகத்தைச் சோதித்து, சீட்டு வாங்கி அனுப்பியிருப்பேன். நாளைக்கு உன் மகள் உனக்காக ஏதாவது முடிவெடுக்கும் நாள் வரும். நீ என்னைப் பற்றிப் பேசியதை அவள் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கலாம். இதைச் சாபமாகச் சொல்லவில்லை. அவளிடம் பேசிவை என்பதற்காகச் சொல்கிறேன்.

காரைத் திருப்பி வாங்க வேண்டாம். போர்மேனுக்கு அது உபயோகமாக இருக்கும். விற்ற பணம் உன் கணக்கில் அப்படியே இருக்கட்டும். அடுத்து வீட்டைப் பற்றிப் பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும். அது வருவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அம்மாவின் புத்தி பிசகிவிட்டது என்று நீ உண்மையாகவே நம்பினாயா, இல்லை, என்னிடம் பேசுவதைவிட நம்பிவிடுவது சுலபமாக இருந்ததா? எது என்றாலும் தாங்கிக்கொள்வேன். இரண்டில் எது என்று தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

போன் செய்யாதே. போனில் நீ நல்லா இருக்கியாம்மா என்பாய், நான் இருக்கேன்பா என்பேன், அதோடு முடிந்துவிடும். ராஜேந்திரன் வழியாகவும் சொல்லி அனுப்பாதே. ஒரு தாளை எடுத்து, உன் கையால் எழுதி, என் பெயருக்கு அனுப்பு. தமிழ் தடுமாறினால் ஆங்கிலத்தில் எழுது, எனக்குப் படிக்கத் தெரியும். நாலு வரி போதும். பதில் எழுது.

உன் அம்மா